நடுக்களத்தில் ஐந்து பேர்

உட்காருங்கள், பேராசிரியரே. அந்த நாற்காலி வேண்டாம், அதன் கால் ஆடும். இதில் உட்காருங்கள். பதிவுக் கருவியை மேசைமேல் வைக்கலாம். சிவப்பு விளக்கு எரிந்தால்தான் ஓடுகிறது என்று எனக்கு விளக்க வேண்டியதில்லை. ஒலிபெருக்கியோடு வாழ்ந்தவன் நான்.

ஆக, எங்கள் குருசடித்துறை மைதானத்தில் அன்று மாலை நடந்ததை ஏற்கெனவே மூன்று பேரிடம் கேட்டுப் பதிவு செய்துவிட்டீர்கள். ஒரே நிகழ்ச்சியை ஓர் ஊர் எத்தனை விதமாகச் சொல்கிறது என்பது உங்கள் ஆராய்ச்சி. நல்லது. அந்த மூன்று வடிவங்களும் என்னவாக இருக்கும் என்று நானே சொல்லிவிடுகிறேன். ஐஸ் கம்பெனி மெல்கியாஸ், அவன்தான் எங்கள் கோயிலின் பங்குப் பேரவைச் செயலாளர், என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க வேண்டி வந்தது என்று சொல்லியிருப்பான். மைக் செட்டுக்காரன் கிளீட்டஸ் மின்சாரம் போய்விட்டது என்று சொல்லியிருப்பான். அவன் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறவன். சலூன் வைத்திருக்கும் ஸ்டான்லி நான் குடித்திருந்தேன் என்று சொல்லியிருப்பான். மூன்றும் பிழை. நான் குடிப்பதில்லை. மின்சாரம் போகவில்லை. மைக்கை யாரும் பிடுங்கவில்லை. நான் மேசைமேல் வைத்தேன், வைத்த பிறகு அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வைப்பது வேறு, பிடுங்குவது வேறு. குறித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் வெளியூர். ஆகவே வழக்கத்தை முதலில் சொல்ல வேண்டும். இந்தக் கடற்கரையில் பந்தாட்டத்தைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, காதாலும் பார்க்கிறார்கள். திருவிழாக் கோப்பைக்கு மைதானத்தில் முதன்முதல் ஒலிபெருக்கி கட்டிய நாளிலிருந்து நான்தான் வர்ணனையாளர். பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர், ஊர் வாயில் ‘சாறு’, மைதானத்தில் வர்ணனையாளர். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு பட்டம் சூட்டித்தான் உள்ளே அழைப்பேன். ‘கரையேறும் புயல்’, ‘தெற்குவாசல் இடி’, ‘இரும்புக் கதவு’. அந்தப் பட்டத்தை அவர்கள் கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பார்கள். ‘கரையேறும் புயல்’ இப்போது வலைக் கம்பெனியில் காவலாளியாக இருக்கிறான். இன்றைக்கும் குழந்தைகள் அவனைப் ‘புயல் மாமா’ என்றுதான் கூப்பிடுகின்றன. கொடுத்தவன் யார்? சரி, அது கிடக்கட்டும்.

நம் நாட்டு அணி விளையாடும் நாளில் கோயில் மைதானத்தில் பெரிய திரை கட்டுவார்கள். தொலைக்காட்சியின் சத்தத்தை அணைத்துவிட்டு நான் பேசுவேன். திரைக்கு முன்னால், மக்களைப் பார்த்தாற்போல் என் மேசை. மேசைமேல் எனக்கென்று ஒரு சிறிய பெட்டி வைத்திருப்பார்கள், ஆட்டத்தைக் கவனிக்க. அதை நான் அதிகம் பார்ப்பதில்லை. மக்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவனே பேச்சாளன். ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர்கள் முகத்திலேயே படித்துவிடலாம்.

இனி ஷிபின். அலோசியஸ் மகன். அலோசியஸ் குவைத்தில் படகில் இருக்கிறான், தாய் எமரன்சியா இங்கே தெற்குத் தெருவில் இருக்கிறாள். எங்கள் துறையிலிருந்து நாட்டு அணிக்குப் போன முதல் ஆள் அவன்தான். எல்லாரும் அவனை நான் வெறுக்கிறேன் என்கிறார்கள். நான் எந்த மனிதனையும் வெறுப்பதில்லை. நான் வெறுப்பது அவன் நிற்கும் இடத்தை.

டீ ஆறுகிறது, குடியுங்கள். அந்த பிஸ்கட் தட்டை இப்படித் தள்ளுங்கள். பாருங்கள். இது கோல்கீப்பர். இவர்கள் நான்கு பேர் பின்களம். முறைதான், மறுப்பில்லை. இப்போது நடுக்களம். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்து பேர். முன்னால் யார் மிச்சம்? இந்த ஒருவன். ஒரே ஒருவன். விருந்துக்கு அழைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போனவர்களின் வாசலில் நிற்கிறானே, அவனைப் போல நிற்கிறான். கோலுக்கு முதுகு. எதிரிகள் இரண்டு பேர் இரு பக்கமும் உரசிக்கொண்டு. பந்து வருமா என்று எட்டிப் பார்ப்பதே அவன் தொழில்.

பந்து ஏன் வராது? இந்த ஐவரும் கொடுத்தால்தானே வரும். இவன் இவனிடம் தருகிறான். இவன் அவனிடம். அவன் மறுபடியும் இவனிடம். கல்யாணப் பந்தியில் கடைசி அப்பளத்தை ‘நீங்க எடுங்க’, ‘இல்ல நீங்க எடுங்க’ என்று தள்ளுவார்களே, அது. ஐவரில் கடைசியாக, பின்களத்துக்கு முன்னால் ஆணி அடித்தாற்போல் நிற்கிறானே, இவன். அதைச் சாப்பிட்டுவிடாதீர்கள், பேராசிரியரே. அது ஷிபின்.

இதற்கு ஒரு தத்துவமும் சொல்கிறார்கள். மெல்கியாஸ் யூடியூபில் பார்த்துவிட்டு வந்து எனக்கே பாடம் நடத்தினான். ‘சாறே, எதிர் டீமுக்கு ரெண்டு சைடும் பயங்கர ஸ்பீடு. அதுக்குத்தான் நடுவில அஞ்சு பேரை நிறுத்தி பந்தைக் கையில வச்சுக்கிடுதது.’ கையிலாம். பந்தாட்டத்தில் கையில். சரி, தத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். ஐவரும் பந்தைக் குறுக்கும் நெடுக்கும் உருட்டுவார்கள். எதிரிக்குப் பொறுமை போகும். பந்தைப் பறிக்க அவன் முன்னேறி வருவான். அவன் வந்த இடம் காலியாகும். அந்தக் காலியான இடத்துக்குள் ஐவரில் ஒருவன் சத்தமில்லாமல் ஓடுவான், இன்னொருவன் அங்கே பந்தை வைப்பான். அவ்வளவுதான் தத்துவம். இதற்குப் பெயர் வீரமா? எதிரி தவறு செய்யும்வரை காத்துக் கிடப்பது வீரமா? புயல் காத்துக் கிடக்குமா? இடி யோசித்துவிட்டு விழுமா?

இந்தக் காரணத்தால்தான் ஷிபினுக்கு நான் பட்டம் கொடுக்கவில்லை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவன் நடுவில்தான் நிற்பான். ‘முன்னால போய் ஆடு’ என்று எத்தனையோ முறை சொன்னேன். ‘சாறே, எனக்கு இங்க நின்னாத்தான் எல்லாம் தெரியுது’ என்பான். நடுவில் நிற்பவனுக்கு என்ன பட்டம் கொடுப்பது? ‘நடுநிலையாளன்’ என்றா? மற்றப் பத்துப் பேரையும் பட்டத்தோடு அழைப்பேன், கடைசியில் ‘அலோசியஸ் மகன் ஷிபின்’ என்று மட்டும் சொல்வேன். அவனும் ஓடி வந்து அந்த இடத்தில் நின்றுகொள்வான். ஆனால் ஓடி வருவதற்கு முன் கோட்டருகே சற்று நிற்பான். ஏதோ மறந்துவிட்டவன்போல் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பிள்ளைக்குக் காது மந்தம் என்று நான் நினைத்ததுண்டு.

அன்றைய ஆட்டத்துக்கு வருகிறேன். வென்றால்தான் அடுத்த சுற்று. ஊரே மைதானத்தில். கட்டுமரங்களையெல்லாம் கரையில் ஏற்றிவிட்டுக் கடலுக்கு அன்று விடுமுறை. எமரன்சியாவை முதல் வரிசையில், என் மேசைக்கு நேர் எதிரே, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். புதுப் புடவை. நான் கொஞ்சம் தயாரித்துக்கொண்டுதான் போயிருந்தேன். இந்த ஐவர் அமைப்பைப் பற்றி ஒரு முறை முழுமையாக மக்களுக்கு எடுத்துச் சொல்லிவிட வேண்டும் என்பது என் நீண்ட நாள் எண்ணம்.

முதல் பாதியில் மக்கள் நன்றாகச் சிரித்தார்கள். ‘ஷிபின் வாங்குகிறான், யாரிடம் வாங்கினானோ அவனிடமே கொடுக்கிறான், தபால்காரன்கூடக் கடிதத்தை எழுதியவனிடமே திருப்பிக் கொடுப்பதில்லை’ என்றேன். பெரிய சிரிப்பு. ‘ஐந்து பேர் கூடி ஆலோசிக்கிறார்கள், தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது’ என்றேன். அதற்கும் சிரிப்பு, பேரவைக்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. எமரன்சியா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்க முடியாமல்தான். பக்கத்தில் இருந்தவள் அவள் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சிரித்துப் புரையேறினால் அப்படித்தான் செய்வார்கள்.

இரண்டாம் பாதி. சிரிப்பு குறைந்துவிட்டது. ஆட்டம் அப்படி, நான் என்ன செய்வேன்? கோலே விழவில்லை. நேரம் கடந்துகொண்டிருந்தது. மெல்கியாஸ் பக்கத்தில் வந்து, ‘சாறே, போதும். பந்தை மட்டும் சொல்லுங்க’ என்றான். எந்தப் பந்தை? எங்கும் போகாத பந்தை எப்படிச் சொல்வது? அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைத் தொடங்கினேன். முழுவதும் நினைவிருக்கிறது. எழுந்து, ஒரு கையை உயர்த்தி நின்றேன். ‘அன்பான ஊர்மக்களே, ஐவர் கூடியும் ஓர் அடி முன்னேறாத இந்த அவையை நான் என்னவென்று அழைப்பேன்? இந்த ஐவரில் ஒருவனாவது, ஒரே ஒருவனாவது, தலை நிமிர்ந்து, முன்னே பார்த்து, அஞ்சாமல், தயங்காமல்...’

அந்த இடத்தில் மக்கள் எழுந்தார்கள்.

மொத்த மைதானமும் எழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், என் முகத்துக்கு நேரே எழுகிறார்கள். கைகளை மேலே வீசுகிறார்கள். நாற்காலிகள் விழுகின்றன. ஒருவன் சட்டையைக் கழற்றிச் சுழற்றுகிறான். எமரன்சியா மண்ணில் மண்டியிட்டுவிட்டாள். என் வாழ்நாளில் எந்த வாக்கியத்துக்கும் இப்படி ஒரு வரவேற்பு கிடைத்ததில்லை. இத்தனைக்கும் வினைமுற்று இன்னும் வரவில்லை. நான் மறுபடியும் கையை உயர்த்தினேன். ‘அமைதி, அமைதி, வாக்கியம் முடியவில்லை’ என்றேன்.

மெல்கியாஸ் என் தோளைத் தொட்டு, ‘சாறே, கோலு. ஷிபின் கொடுத்த பந்து. திரும்பிப் பாருங்க’ என்றான்.

இங்கேதான் மூன்று வடிவங்களும் சறுக்குகின்றன. மக்கள் கோலுக்காகத்தான் எழுந்தார்கள் என்று அவர்கள் ஒரே போடாகப் போடுகிறார்கள். இரண்டும் ஒரே கணத்தில் நிகழ்ந்தன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு கைதட்டலைப் பிளந்து, இது கோலுக்கு, இது வாக்கியத்துக்கு என்று யாரால் பிரிக்க முடியும்? நீங்கள் ஆராய்ச்சியாளர், நீங்களே சொல்லுங்கள்.

நான் திரும்பவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் திரும்பிப் பார்க்கிறவன் அல்ல நான். மைக்கை வைத்தேன். கூட்டத்துக்குள் நடந்து வெளியே வந்தேன். எனக்கு யாரும் வழிவிடவில்லை. யாரும் என்னைப் பார்க்கவேயில்லை. அதன்பின் கிளீட்டஸ் மைக்கை எடுத்துக்கொண்டான். வீட்டு வாசல்வரை கேட்டது. ‘ஷிபின்... ஷிபின்... எம்மாடி, ஷிபின்.’ இதுதான் அவன் வர்ணனை. ஒரு வினைமுற்று கிடையாது. ஆட்டம் முடியும்வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தான். அதைத்தான் இந்த ஊர் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது.

அந்தக் கோலை நான் பார்க்கவில்லை. மறுநாளும் பார்க்கவில்லை. இன்றுவரை பார்க்கவில்லை. தேவையில்லை. கணக்கின் வழி தவறாக இருந்தால், விடை சரியாக வந்தாலும் எந்த ஆசிரியரும் மதிப்பெண் போடமாட்டார்.

பிறகு நடந்த அநியாயத்தைக் கேளுங்கள். அன்று என் பேச்சைப் பலர் கைப்பேசியில் பிடித்திருக்கிறார்கள். அதில் ஒன்றைக்கூட ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது என்று மெல்கியாஸ் கட்டுப்பாடு விதித்துவிட்டான். ‘கேம்புல இருக்க பயலுக்குப் போய்ச் சேரப்படாது’ என்றானாம். குருசடித்துறையில் எந்த விஷயத்திலாவது எல்லாரும் ஒன்றுசேர்ந்து நான் பார்த்ததில்லை. இதில் சேர்ந்தார்கள். ஸ்டான்லிகூட வாயைத் திறக்கவில்லை. என் ஆய்வு அந்த அணியின் காதுக்குப் போய்விடக் கூடாதே என்ற அச்சம். உண்மைக்கு இவ்வளவு பயப்படும் ஊரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

அதோடு விட்டார்களா? ஞாயிற்றுக்கிழமை அடுத்த ஆட்டம். எமரன்சியாவிடம் நான் மன்னிப்புக் கேட்டால்தான் மைக் என்று பேரவை தீர்மானம் போட்டது. இல்லையென்றால் கிளீட்டஸ். நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்? அமைப்பைத்தான் விமர்சித்தேன், ஆளை அல்ல. ஆனாலும் பேராசிரியரே, ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அந்த மைக் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை மாலையில் நான் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. மக்களோடு மக்களாக உட்கார்ந்து நான் எந்த ஆட்டத்தையும் பார்த்ததில்லை. அந்த வரிசைகளில் எனக்கு இடம் கிடையாது.

நேற்று எமரன்சியாவே வந்தாள். நீங்கள் இருக்கும் அதே நாற்காலி. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

‘சாறே, மோன் கேம்புலேருந்து விளிச்சான்’ என்றாள். ‘சும்மா எல்லாரையும் விசாரிச்சான். பெறகு, அம்மா, நான் அந்தப் பந்தைக் கொடுக்கும்போ சாறு மைக்கில என்ன சொன்னாருன்னு கேட்டான். அவன் எந்த ஊருல ஆடினாலும், நல்ல பந்து ஒண்ணு கொடுத்தா, சாறு இப்ப என்ன சொல்லியிருப்பாருன்னுதான் மொதல்ல நெனப்பானாம். நான் என்னத்தைச் சொல்லட்டு?’

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன்.

‘பொய்யாட்டு ஒண்ணு சொல்லிட்டேன். சாறு உனக்குப் பட்டம் கொடுத்தாரு மோனே, எல்லாரும் காணுமுன்னே கண்டவன்னு சொன்னாரு, ஊரே எந்திரிச்சுக் கை தட்டிச்சுன்னு சொல்லிட்டேன். போன் கட்டாயிட்டோன்னு நெனச்சேன். கொஞ்சம் கழிச்சு, அதை ஒருக்கக் கேக்கணும், யாராவது பிடிச்சிருந்தா அனுப்பும்மான்னான்.’

கைப்பேசியை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ‘ஒருக்கச் சொல்லுங்க சாறே. நான் பிடிச்சுக்கிடுதேன்.’

சொல்லாததைச் சொன்னதாக்க என் வாய் ஸ்டான்லியின் சலூன் அல்ல என்றேன். சரியான பதில்தானே? மேலும் அது ஒரு பட்டமா? நீளம் அதிகம். அதில் ஒரு புயல் உண்டா, இடி உண்டா, இரும்பு உண்டா? பார்ப்பது ஒரு வீரமா? மீன் ஏலத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். இதை அப்படியே அவளிடம் விளக்கினேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

‘சரி சாறே’ என்று குடையை எடுத்தாள். படியில் இறங்கியபின் திரும்பி, ‘மைக் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத்தான். மன்னிப்பு ஒண்ணும் வேண்டாம்னு மெல்கியாசிட்ட சொல்லியாச்சு. மேசையை மட்டும் திருப்பிப் போடச் சொன்னேன்’ என்றாள்.

மேசையைத் திருப்பிப் போடுவதாம். மக்களுக்கு முதுகைக் காட்டி, திரையைப் பார்த்து நான் பேச வேண்டுமாம். ஒரு பேச்சாளனுக்கு இதைவிட அவமானம் உண்டா? நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. நேற்று இரவு இந்த மேசையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். சுவர்தான் தெரிந்தது. ஒரு சொல் வரவில்லை.

ஸ்டான்லி உங்களுக்கு அந்தக் காணொளியைக் கொடுத்திருப்பானே? வெளியூர்க்காரர் என்பதால் கொடுத்திருப்பான். மறைக்க வேண்டாம். எடுங்கள். நான் பார்ப்பதற்காக அல்ல. உங்கள் சான்றைச் சரிபார்ப்பதற்காக. சத்தத்தை முழுவதும் அணைத்துவிடுங்கள். எனக்குச் சத்தம் தேவையில்லை. பிஸ்கட் தட்டில் சாய்த்து வையுங்கள்.

கண்ணாடியை மாற்றிக்கொள்கிறேன். ஆம், இப்போது தெரிகிறது.

திரையில் நம் அணி. ஐவர், சொன்னேன் அல்லவா, இதோ ஐவர். இடப்பக்கத்துக்காரன் உள்ளே கொடுக்கிறான். அவன் பின்னால். மறுபடியும் அப்பளம். எதிரிகள் நெருங்குகிறார்கள், ஒருவன், இன்னொருவன், பின்களத்திலிருந்தும் ஒருவன் இறங்கி வருகிறான், பொறுமையில்லாதவன். பந்து ஷிபினிடம். முன்னால் நிற்கிறாரே ஒருவர், கையை உயர்த்திக்கொண்டு, யார் அது? திரையின் வலது மூலை முழுவதையும் மறைக்கிறார். உட்காரச் சொல்லுங்கள்.

ஓ. அது என் மேசை. சரி.

ஷிபின் நிமிர்ந்தே பார்க்கவில்லை. பந்து வரும்போதே கால் திரும்பிவிட்டது. கொடுத்துவிட்டான். எங்கே கொடுக்கிறான், அங்கே யாருமில்லையே... அங்கே...

நிறுத்துங்கள். பின்னால் கொண்டுபோங்கள். இன்னும் கொஞ்சம் பின்னால். ஆம், அங்கிருந்து.

அவன் கொடுக்கும்போது அங்கே யாருமில்லை, பேராசிரியரே. பந்து பாதி வழி போன பிறகுதான் அந்த இன்னொருவன் ஓடி வருகிறான். அவன் வருவான் என்று இவனுக்கு மட்டும்...

இன்னொரு முறை.

அமைப்பு தவறுதான். அதில் என் கருத்து மாறாது. ஐந்து பேர் அதிகம். இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கருவியில் விளக்கு எரிகிறதா? இனி நான் சொல்வதைத் தனியாக வெட்டி எடுக்க முடியும் அல்லவா? சரி, காணொளியை ஓடவிடுங்கள். அந்த மனிதர் கையை உயர்த்துமுன் சொல்லிவிட வேண்டும்.

‘பந்து அலோசியஸ் மகனிடம். எல்லாரும் காணுமுன்னே கண்டவன், குருசடித்துறை ஷிபின்.’

இதன் ஒரு படியைத் தெற்குத் தெருவில் எமரன்சியாவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். அன்று நான் சொன்னது இதுதான். மற்ற மூன்று வடிவங்களிலும் இது விடுபட்டுப் போயிருக்கிறது.